மேற்கே தென்னை நிழல்: தக்காளி காய்க்காத இடத்தில் எது விளையும்?

கேள்வி: கோபிப் பக்கம் வீடு. கொல்லையில் 20 அடிக்கு 10 அடி இடம், மேற்கே மூன்று தென்னை. காலை 7 முதல் 11 மணி வரைதான் வெயில். தக்காளி ஆளுயரம் போயும் பூவெல்லாம் கொட்டுகிறது. உரம் பற்றவில்லையா?

பதில்: உரத்தைக் கூட்டாதீர்கள். நிழலில் தழைச்சத்து ஏறினால் தண்டு இன்னும் நீளும், அவ்வளவுதான். தக்காளிக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். சித்திரை, வைகாசியில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் நல்ல வெயிலில் நிற்கும் செடியிலேயே மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். ஆசை விடவில்லையென்றால் நான்கு செடியை ஆடிக்கு மேல் மொட்டை மாடிக்கு ஏற்றுங்கள்.

மற்றபடி உங்கள் இடம் அருமையானது. காலை இளவெயில் கிடைக்கிறது, கீரையைச் சுருட்டிப்போடும் மேற்கு வெயிலைத் தென்னை தடுக்கிறது. பாலக்கீரை, மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி, புதினா தாராளமாக வரும். இஞ்சி, சேம்பு, நம்ம ஊர் மஞ்சள் மூன்றையும் வைகாசியில் ஊன்றலாம். இஞ்சியும் மஞ்சளும் வெட்ட 8, 9 மாதம் ஆகும்.

கொத்தமல்லியை ஐப்பசி முதல் தை வரை வையுங்கள். கோடையில் தழையாமல் பூத்துவிடும். மல்லியை இரண்டாக உடைத்து, 12 மணி நேரம் ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் விதைத்தால் 40 நாளில் பறிக்கலாம்.

நிழலைவிடப் பெரிய தொல்லை தென்னை வேர்தான். தண்ணீர் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள் இருக்கும். அதற்கு வெளியே பாத்தி பிடியுங்கள். உள்ளே வைப்பதென்றால் செடி வளர்க்கும் பைதான், அதையும் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தரையில் வைத்தால் அடி ஓட்டை வழியாக வேர் ஏறி, ஊற்றும் தண்ணீரையெல்லாம் குடித்துவிடும். பையில் நிரப்பச் செம்மண், மக்கிய குப்பை எரு, தென்னை நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. பொள்ளாச்சி நார்க்கழிவில் உப்பு இருக்கலாம்; இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்குங்கள்.

நிழல் பாத்தி சீக்கிரம் காயாது. தினமும் தண்ணீர் விட்டால் நாற்று அடித்தண்டு அழுகிச் சாயும். விரலை ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம். ஊற்றுவதைக் காலையிலேயே ஊற்றினால் இலை இரவில் நனைந்திருக்காது.

இந்த 4 மணி நேரக் கணக்கும் வருடம் முழுக்க ஒன்றாக இருக்காது. நம் பகுதியில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சி வெயில் வடக்கே சாய்ந்திருக்கும், மார்கழியில் நன்றாகத் தெற்கே போய்விடும். நிழலும் அதற்கேற்ப இடம் மாறும். வைகாசியில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை, காலை முதல் மாலை வரை மணிக்கொரு தரம் நிழலின் ஓரத்தில் குச்சி நட்டுப் பார்த்துவிட்டுப் பாத்தியைப் பிரித்துக்கொள்ளுங்கள்.