பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் எஞ்சினை வீட்டு வாசலிலேயே பாதுகாப்பாக இறக்க முடியுமா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அப்பாவின் ஹெரால்டு கார் நிற்கிறது என்றும், போரிங் (தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து சரிசெய்யும்) வேலைக்காக எஞ்சினை இறக்க வேண்டியிருக்கிறது என்றும், வாசல் மாமரக் கிளையில் செயின் பிளாக்கை (சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கப்பி) மாட்டி நீங்களும் தம்பியுமாகத் தூக்கிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தூக்கலாம், ஆனால் மாமரத்தில் வேண்டாம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருப்பவன். சர்க்கரை ஆலையொன்றின் பராமரிப்புப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் பாரம் தூக்கி இறக்கும் வேலையைப் பார்த்தவன். சொந்த ஹெரால்டின் எஞ்சினை இரண்டு முறை இறக்கியிருக்கிறேன். (மேலே தூக்கி எடுக்கிற வேலைக்கு நம் ஊரில் 'இறக்குவது' என்று பெயர் வந்தது எப்படியோ தெரியவில்லை.)

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் இரண்டு ஊர்களுக்கும் இடையே கரையைக் கடந்தபோது விழாமல் நின்ற மரங்கள் எல்லாம் உறுதியானவை என்று நினைப்பது தவறு. என் வீட்டு மாமரம் அந்தப் புயலைத் தாங்கிவிட்டு, ஐந்தாறு ஆண்டுகள் கழித்துக் காற்றே இல்லாத ஒரு மதியத்தில் தொடை பருமனுள்ள கிளையை முறித்துப் போட்டது. உள்ளே பார்த்தால் பாதி செல்லரித்திருந்தது. போர்டிகோ கூரைக் கொக்கியும் அப்படித்தான்: அது மின்விசிறிக்கு வைத்தது, கான்கிரீட்டுக்குள் எவ்வளவு துருவேறியிருக்கிறது என்பது வெளியே தெரியாது. எதில் தொங்கவிடுகிறோமோ அது என்ன தாங்கும் என்று கணக்காகச் சொல்ல முடியவேண்டும்.

நம் பக்கத்தில் இதற்கு எளிய வழி, போர்வெல் மோட்டார் தூக்குகிறவர்களிடம் இருக்கும் இரும்புக் குழாய் முக்காலியை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின்களைக் கழற்றும் ஃபிட்டர்களில் ஒருவரை அரை நாள் கூலிக்கு அழைத்துக்கொண்டால் இன்னும் நல்லது; கைப்பழக்கம் உள்ள ஒருவர் செயினைப் பிடிப்பதற்கு ஈடில்லை. ஹெரால்டின் அகலம் ஏறத்தாழ 5 அடி என்பதால், முக்காலியின் இரண்டு கால்கள் காரின் இரு பக்கமும் குறைந்தது 7 அடி இடைவெளியில் நிற்க வேண்டும்; மூன்றாவது கால் காருக்கு முன்னால் நிற்க வேண்டும். கால்கள் சிமெண்டுத் தரையில் வழுக்கும், மணலில் புதையும். ஆகவே அடியில் பலகை கொடுத்து, மூன்று கால்களையும் தரையோரமாக ஒரே சங்கிலியால் சுற்றிக் கட்டிவிடுங்கள். பாரம் மூன்று கால்களுக்கும் நடுவே மட்டுமே தொங்க வேண்டும்.

செயின் பிளாக் 1 டன் அளவில் இருக்கட்டும். ஹெரால்டின் 948 சிசி எஞ்சினுக்கு அது மிக அதிகம்தான், என்றாலும் கடற்கரை ஊரில் வாடகைச் சாமான் எத்தனை மழைக்காலம் வெளியில் கிடந்ததோ யாருக்குத் தெரியும்? சங்கிலியைக் கண்ணி கண்ணியாக விரலில் உருட்டிப் பாருங்கள். கொக்கியின் வாய் அகன்றிருந்தாலும், வாயை மூடும் தாழ்ப்பாள் இல்லாவிட்டாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு நான்கு சிமெண்டு மூட்டைகளைக் கட்டி, அதாவது 200 கிலோவை, ஓரடி உயரம் தூக்கிக் கால் மணி நேரம் தொங்கவிடுங்கள். எஞ்சின் 150 கிலோ என்று சற்றுக் கூட்டியே கணக்கு வைத்துக்கொண்டால், இந்தச் சோதனை போதுமானது.

கார் வேலையைப் பொறுத்தவரை ஹெரால்டு தனி சேசிஸ் உள்ள வண்டி என்பதும், அதன் பானட் முழுவதும் முன்னோக்கிச் சாயும் என்பதும் உங்களுக்குப் பெரிய வசதி. பானட்டை முன்பக்கக் கீல்களிலிருந்து கழற்றி, இருவர் சேர்ந்து தூக்கிச் சுவரோரம் வைத்துவிடுங்கள். பேட்டரியில், பாடியில் இறங்கும் எர்த் கேபிளையே முதலில் கழற்ற வேண்டும். பழைய பிரிட்டிஷ் வடிவ வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனையே எர்த்தாக இருக்கும் என்பதால், வயரின் நிறத்தை நம்பாமல் அது எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். தண்ணீர், ஆயில், ரேடியேட்டர், ஹோஸ்கள், சைலன்சர் பைப், சோக் மற்றும் ஆக்சிலேட்டர் வயர்கள், டைனமோ, செல்ஃப் மோட்டார் வயர்கள் ஆகியவற்றைக் கழற்றும்போது ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படமெடுத்து, ஒட்டுத்தாளில் பெயரெழுதிக் கட்டினால் போதும். பெட்ரோல் குழாயின் வாயை மட்டும் அன்றே அடைத்துவிடுங்கள்.

கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்த்துத் தூக்குவதா, தனியாக எடுப்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நான் தனியாக எடுப்பவன். ஹெரால்டில் முன் இருக்கைகளையும் நடுவில் கியர்பாக்ஸை மூடியிருக்கும் டன்னல் மூடியையும் எடுத்துவிட்டால் கியர்பாக்ஸைக் காருக்குள்ளிருந்தே வெளியே கொண்டுவரலாம். அப்போது எஞ்சினின் பின்பக்கம் தாங்கலின்றித் தொங்கும் என்பதால், எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு அடியில் அகலமான பலகை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொண்ட பிறகே, கியர்பாக்ஸை எஞ்சினோடு பிணைக்கும் பெல் ஹவுசிங் போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். கியர்பாக்ஸை நேராகப் பின்னோக்கி இழுங்கள். அதன் பாரம் ஒரு நொடி, கிளட்சுக்குள் நுழையும் ஷாஃப்டின் மேல் தொங்கினாலும் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். அது வண்டியை மறுபடி பூட்டி ஓட்டும் நாளில்தான் தெரியவரும்.

எஞ்சினில் எங்கே பிடிப்பது? ராக்கர் கவர், மேனிஃபோல்டு, வாட்டர் பம்ப் எதிலும் சங்கிலி படக்கூடாது. போரிங்கிற்காக எப்படியும் ஹெட்டைப் (சிலிண்டர்களின் மேல்மூடி) பிரிக்கத்தான் போகிறீர்கள் என்பதால், அதை இறுக்கிப் பிடிக்கும் மரைக் கம்பிகளான ஹெட் ஸ்டட்டுகளில் முன்பக்கம் ஒன்றையும் குறுக்கே பின்பக்கம் ஒன்றையும் தேர்ந்து, நட்டைக் கழற்றிக் கனமான துளைத் தகடுகளை வைத்து மறுபடி முறுக்குங்கள். நட்டின் மரை முழுவதும் ஸ்டட்டில் ஏறியிருக்க வேண்டும். இந்த வண்டியில் இருப்பது அங்குல மரை. கடையில் கிடைத்த மில்லிமீட்டர் நட்டு இரண்டு சுற்று ஏறுவதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். இரண்டு தகடுகளிலிருந்தும் கொக்கிக்கு ஏறும் சங்கிலி சமபக்க முக்கோணம் போல நிற்கட்டும். அந்த நிலையில் 150 கிலோ எஞ்சினுக்கு ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 87 கிலோவைச் சுமக்கும். உயரம் போதவில்லையென்று சங்கிலியைக் குறுக்கித் தட்டையாக்கி, அது கிடைமட்டத்திலிருந்து 30 பாகைக்கு வந்துவிட்டால், ஒவ்வொரு பக்கமும் முழு 150 கிலோவைச் சுமக்கிறது.

இனி நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் முறை தூக்கியபோது, எஞ்சினைச் சேசிஸில் உட்காரவைக்கும் மவுண்டிங் போல்ட்டுகள் கழன்றதும் செயினை இழுக்க இழுக்க எஞ்சின் எழும்பியது. என் மச்சான் கைதட்டக்கூடச் செய்தார். உண்மையில் எழும்பியது எஞ்சின் மட்டுமன்று, அதோடு காரின் மூக்கும். எஞ்சின் பாரம் விலகும்போது முன் ஸ்பிரிங்குகள் விரிந்து காரின் முன்பகுதி ஓரளவு உயர்வது இயல்பு. நான் அதையே பார்த்துச் சமாதானமாகிவிட்டேன். ஆனால் சேசிஸிலிருந்து எஞ்சினுக்கு வரும் எர்த் பட்டையை நான் கழற்றியிருக்கவில்லை. அழுக்கும் ஆயிலும் படிந்து சேசிஸின் நிறத்திலேயே ஒட்டிக் கிடந்த அந்த ஒரு சாண் நீளப் பட்டை, கிட்டார் கம்பி போல விறைத்து நின்று, பிறகு முனையில் அறுந்தது. எஞ்சின் பக்கவாட்டில் ஆடி, மவுண்டிங் தாங்கியின் மேலிருந்த என் இடக்கை மோதிர விரலை நசுக்கியது. விரல் பிழைத்தது, நகம் இன்றும் கோணல்தான்.

ஆகவே தூக்கத் தொடங்கும் முன் டயருக்கும் மேலேயுள்ள சேசிஸ் பகுதிக்கும் இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்; எஞ்சின் மவுண்டிங்கிலிருந்து விலகிய பிறகும் அது கூடிக்கொண்டே போனால், எஞ்சினோடு காரும் எழும்புகிறது என்று பொருள். மவுண்டிங்கிலிருந்து எஞ்சின் இரண்டு விரற்கடை விலகியதும் நிறுத்தி, அதைக் கையால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். தாராளமாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் ஏதோ ஒன்று இன்னும் பிடித்திருக்கிறது. செயினைத் தளர்த்திவிட்டுத்தான் தேட வேண்டும். எஞ்சினைத் திருப்புவதற்கு ஒரு கயிறு கட்டி, கை படாமல் அதைக்கொண்டு திருப்புங்கள். தொங்கும் எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையே கையும், அதற்கு அடியில் காலும் எக்காரணத்துக்காகவும் போகக்கூடாது; வீட்டுப் பிள்ளைகளை அந்த நேரத்துக்குத் தெருக்கோடி வரை அனுப்பிவிடுங்கள்.

சம்ப் முன்பக்கக் குறுக்குச் சட்டத்தைத் தாண்டியதும் எஞ்சினை நகர்த்த முயலாதீர்கள். கியர்பாக்ஸ் இல்லாத கார் இலேசாக உருளும் என்பதால், தம்பி கைபிரேக்கை விடுவிக்க, இருவர் காரைப் பின்னால் தள்ளினால் போதும். எஞ்சின் நின்ற இடத்திலேயே நிற்கும். உடனே கீழே இறக்கிப் பழைய லாரி டயர் ஒன்றின்மேல் பலகை போட்டு உட்காரவையுங்கள். டீ குடிக்கப் போகும்போதுகூட அதைத் தொங்கலில் விட்டுப் போகக்கூடாது. போரிங் பட்டறைக்கு அனுப்ப நாளாகுமென்றால் பிளக் துளைகளில் சிறிது எஞ்சின் ஆயிலை ஊற்றி, திறந்த வாய்களில் துணியை அடைத்து மூடிவையுங்கள். முத்தியால்பேட்டை உப்புக்காற்றில் நான்கு நாளில் துரு ஏறத் தொடங்கிவிடும்.