கிளவுட் கேள்வி-பதில்: கணக்கு யார் பெயரில்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி விடுதிக்காரர்களுடையவை. மீதி கடைகளிலிருந்து. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: உப்புவெளியில் எட்டு அறை விடுதி நடத்துகிறோம். முன்பதிவுக்கும் கணக்குக்கும் சொந்தமாக ஒரு சேர்வர் வாங்கச் சொல்கிறார்கள். கிளவுட் போதும் என்கிறார் மகன். எது நல்லது?

மகன் சொல்வதைக் கேளுங்கள். கிளவுட் என்றால் இன்டர்நெட் வழியாக இன்னொருவருடைய மெஷினை வாடகைக்குப் பயன்படுத்துவது. உங்கள் சீசன் மே மாதம் தொடங்கி செப்டம்பரோடு இறங்கிவிடும். மாரியில் காலியாகக் கிடக்கும் விடுதிக்கு வருடம் முழுக்க ஓடும் மெஷின் எதற்கு? கடற்கரை உப்புக்காற்று அதைத் துருப்பிடிக்க வைக்கும் செலவும் உங்கள் தலையில்தான். மாதச் சந்தா எடுங்கள், மாரியில் சின்னத் திட்டத்துக்கு இறங்குங்கள். இறங்குவதற்கு முன்னர் பழைய முன்பதிவுகள் அழியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கவனம்: சந்தா டொலரில் வரும். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 இலங்கை ரூபாய், மே மாதத்தில் 360. மாதம் 10 டொலர் கட்டியவருக்கு 2,000 ரூபாய் பில் 3,600 ஆனது. வெளிநாட்டு விருந்தினர் டொலரில் தந்தால் சமாளிக்கலாம். உள்ளூர் ஆட்களை நம்பி நடத்தினால் அந்த ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: கிளவுட்டில் போட்டால் எங்கள் தரவு உண்மையில் எங்கே இருக்கும்?

இன்னொருவருடைய கட்டடத்தில், அவருடைய மெஷினில். அமேசான் சிங்கப்பூரில் 2010இலும் மும்பையில் 2016இலும் தன் நிலையங்களைத் திறந்தது. நமக்குப் பக்கத்தில் இருப்பவற்றில் அவையும் உண்டு. பல சேவைகளில் எந்த இடம் என்பதை நீங்களே தெரிவு செய்யலாம். ஆனால் விருந்தினரின் பாஸ்போர்ட் பிரதியை அங்கே வைத்தால் பொறுப்பும் அங்கே போய்விடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

கேள்வி: சேர், கிளவுட் போட எவ்வளவு முடியும்?

என்ன தொழில், எத்தனை பேர், என்ன வேலைக்கு, ஒன்றும் எழுதவில்லை. பலசரக்குக் கடையில் நின்று "சாமான் எவ்வளவு?" என்று கேட்டால் கடைக்காரர் என்ன சொல்வார்? எத்தனை பேர் பயன்படுத்துவார்கள், இப்போது எத்தனை ஜிபி இருக்கிறது, வேலை எத்தனை மணி நேரம் நின்றால் உங்களால் தாங்க முடியும், இந்த மூன்றையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் ஹார்ட்வெயார் கடையின் கணக்கு மென்பொருள், டிரைவ் எல்லாம் எங்களிடம் வேலை செய்த தம்பியின் ஜிமெயிலில் இருக்கின்றன. அவர் கட்டாருக்குப் போய்விட்டார். போன் எடுப்பதில்லை. கூகுளிடம் கேட்டு எடுக்கலாமா?

எடுக்க முடியாது. கூகுளின் கண்ணில் உரிமையாளர் அந்தத் தம்பி. பணம் உங்கள் கார்டிலிருந்து போயிருந்தாலும் அது பணம் கட்டியதற்கு மட்டுமே சாட்சி. அவருடைய வீட்டாரைப் பிடித்து, இன்றைக்கே, நல்ல முறையில் பேசுங்கள். கடை பெயரில் ஒரு கணக்குத் திறந்து, கோப்புகளின் உரிமையை அதற்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அவர் அந்தக் கணக்கை இரண்டு வருடம் தொடாமல் விட்டால் கூகுள் அதை அழித்துவிடலாம்.

மாதா மாதம் இதே கடிதம் வேறு வேறு கடைகளிலிருந்து வருகிறது. படிக்கும்போதெல்லாம் மனம் நொந்துபோகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு முதலாளி என்னைக் கூப்பிட்டார். கவுண்டரில் லாப்டொப் திறந்திருந்தது. கடவுச்சொல் சரிதான், ஆனால் 47 என்று முடியும் எண்ணுக்குக் குறியீடு அனுப்பியிருக்கிறோம் என்று திரையில் வந்தது. அந்த எண் வெளிநாடு போன பையனுடையது. சிம் எப்போதோ செயலிழந்துவிட்டது. மேசை லாச்சியில் கிடந்த பழைய சிம் கார்டுகளை ஒவ்வொன்றாகப் போனில் போட்டுப் பார்த்தார் அவர். ஒன்றும் அந்த எண் இல்லை. ஆறு வருடக் கடன் கணக்கு அதற்குள்ளே கிடந்தது. கடைசியில், யார் எவ்வளவு தர வேண்டும் என்று வாடிக்கையாளர்களிடமே கேட்டு எழுதினார். நேர்மையானவர்கள் தந்தார்கள்.

தம்பிமாரில் பிழை சொல்ல மாட்டேன். "நீ ஒன்று போட்டுத் தா" என்றார்கள், போட்டுக் கொடுத்தான். கேட்கிறேன், காணி உறுதியை வேலையாளின் பெயரில் எழுதுவீர்களா? கடை பெயரில் டொமைனை, அதாவது இணைய முகவரியை, நீங்களே பதியுங்கள். நிர்வாகக் கணக்கு அந்த முகவரியில் இருக்கட்டும், நிர்வாகிகள் இரண்டு பேர் இருக்கட்டும். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கடை எண்ணுக்கு வரட்டும். போன் இல்லாதபோது உள்ளே போக உதவும் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு உறுதியோடு சேர்த்துப் பெட்டகத்தில் வையுங்கள். வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை உடனே அழித்துவிடவும் வேண்டாம். நிறுவனங்களுக்கான கூகுள் சேவையான வேர்க்ஸ்பேஸில் அழித்த கணக்கை 20 நாட்களுக்குள்தான் மீட்கலாம். முதலில் கோப்புகளை மாற்றி எடுத்துவிட்டு அப்புறம் மூடுங்கள்.

கேள்வி: எல்லாம் கூகுள் டிரைவில் இருக்கிறது. தனியாக பேக்கப் வேண்டுமா?

வேண்டும். எத்தனை தடவை எழுதினாலும் இந்தக் கேள்வி வரும், நானும் எழுதிக்கொண்டே இருப்பேன்: ஒத்திசைவு (இரண்டு இடத்திலும் கோப்புகளை ஒரே மாதிரி வைத்திருப்பது) பேக்கப் ஆகாது. கடையில் ஒருவர் தவறுதலாக அழித்தால் டிரைவிலும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதன் பிறகு இல்லை. 2023 ஆகஸ்டில் நம் அரசாங்க கிளவுட்டிலேயே ரான்சம்வெயார், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல், புகுந்தது. மே நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் கடைசி வரையான மின்னஞ்சல்கள் போயின, ஏறக்குறைய 5,000 முகவரிகளுக்கு. அந்தக் காலத்துக்கு பேக்கப் இருக்கவில்லை. நீங்கள் வாரம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து, அதைக் கழற்றி வீட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: கிண்ணியாவில் மருந்துக்கடை. கரண்டோ இன்டர்நெட்டோ போனால் பில் போட முடியுமா?

இணைப்பு இல்லாமலும் பில் போட்டு, வந்த பிறகு ஏற்றும் மென்பொருளாகப் பாருங்கள். விற்பவர் "முடியும்" என்றால் நம்ப வேண்டாம். அவர் முன்னாலேயே ரவுட்டரை அணைத்துவிட்டு பத்து பில் போடச் சொல்லுங்கள். ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ், வேறு கம்பனியின் சிம் ஒன்று. 2022இல் 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்கள், அதனால் ஒரு பில் புத்தகமும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: மீன் வாடி வைத்திருக்கிறேன். ஐந்து பேர். கொப்பியில்தான் கணக்கு. கிளவுட்டுக்கு மாற வேண்டுமா?

இப்போது வேண்டாம். தினமும் மாலையில் கொப்பிப் பக்கத்தைப் போனில் படம் எடுங்கள், அது தானாக மேலே போய்ச் சேரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். 2004 டிசம்பரில் கடல் வந்தபோது இந்தக் கரையில் கடன் கொப்பிகளும் போயின. உங்களுக்கு அந்தப் படங்கள் போதும்.

கேள்வி: ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். 100 ஜிபி கல்யாணப் படங்களை ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

ஏற்றும் வேகம் விநாடிக்கு 5 மெகாபிட் (Mbps) என்றால் நிறுத்தாமல் இரண்டு நாள். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது இறக்கும் வேகம், நீங்கள் ஏற்றும் வேகத்தைக் கேளுங்கள். இரவு டேட்டா தனியாக இருந்தால் ஏற்றுவதை அந்த நேரத்துக்கு வையுங்கள். கணக்கை ஸ்டூடியோ பெயரில் திறந்து, முதலில் ஒரே ஒரு ஆல்பத்தை ஏற்றி, அதை வேறு கம்பியூட்டரில் இறக்கிப் படங்களை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை சரியாக வந்தால் மற்றவற்றை ஏற்றத் தொடங்குங்கள்.