நம் இரவு வானமும் கேமராவும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஜனவரி மாதத்தில் போடி மலைப்பகுதியில் தங்கி, இரவு 10 மணி முதல் பால்வெளியைப் படமெடுக்க முயன்றேன். வானம் தெளிவாக இருந்தும், மற்றவர்களின் படங்களில் தெரியும் ஒளிமிகுந்த பகுதி கிடைக்கவில்லை. வேறு கேமரா வாங்க வேண்டுமா? (வாசகர், தேனி)

பதில்: கேமராவை மாற்ற வேண்டாம், மாதத்தையும் நேரத்தையும் மாற்றுங்கள். நீங்கள் தேடிய பால்வெளியின் மையப்பகுதி, விருச்சிகத்தின் வாலுக்கும் தனுசுக்கும் இடையே இருக்கிறது. ஜனவரியில் சூரியன் அந்தப் பகுதியை விட்டு அதிகம் விலகியிருக்காது என்பதால், அது விடியலுக்குச் சற்று முன்புதான் எழும். பிப்ரவரி இறுதியில் பின்னிரவு 2 மணியளவிலும், ஏப்ரல் நடுவில் இரவு 11 மணியளவிலும், மே நடுவில் 9 மணியளவிலும் தென்கிழக்கில் எழும். முதலில் செந்நிறமான கேட்டை நட்சத்திரம் மேலே வரும். அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகக் காத்திருந்தால் மையம் அடிவானத்தைத் தாண்டிவிடும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை மேகங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையை மூடிவிடுவதால், உங்கள் பகுதிக்கு மாசி, பங்குனி, சித்திரை மாதங்களின் அமாவாசையை ஒட்டிய சில இரவுகளே சிறந்தவை. அந்த நாட்களைப் பஞ்சாங்கத்தைப் பார்த்தே குறித்துக்கொள்ளலாம்.

இந்த விஷயத்தில் நமக்கு வாய்த்திருக்கும் வசதியைப் பலர் உணர்வதில்லை. இருண்ட வானத்துக்காகப் புகழ்பெற்ற லடாக்கின் ஹான்லேயில் பால்வெளியின் மையம் அதிகபட்சமாக அடிவானத்திலிருந்து 28 பாகை (டிகிரி) அளவே உயரும். தேனியில் அது 51 பாகை வரை ஏறுகிறது. ஜவ்வாது மலையில், 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கத் தொடங்கிய காவலூர் வானாய்வகத்துக்கும், தென்வானத்தின் பெரும்பகுதியைப் பார்க்க முடிவது ஒரு பெரும் பலம். நமக்குக் குறைவாக இருப்பது இருள்தான். மலை விளிம்பில் நின்று கிழக்கே நோக்கினால், சமவெளி ஊர்களின் விளக்கொளி அடிவானம் முழுவதும் மஞ்சளாகப் படிந்து படத்தைக் கெடுத்துவிடும். ஆகவே தெற்கிலும் தென்கிழக்கிலும் பெரிய ஊர் எதுவும் இல்லாத இடத்தைப் பகலிலேயே சென்று பார்த்து வையுங்கள். காப்புக்காடாக இருந்தால் வனத்துறையின் அனுமதி இல்லாமல் இரவில் நுழையாதீர்கள். யானை நடமாடும் பாதையில் முக்காலியை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது உயிருக்கே ஆபத்து.

கேள்வி: என்னிடம் கேமராவுடன் வந்த 18–55 மி.மீ. லென்ஸ் மட்டுமே இருக்கிறது. 30 விநாடி திறந்து வைத்தால் நட்சத்திரங்கள் கோடுகளாகின்றன. நேரத்தைக் குறைத்தாலும் மங்கலாகவே இருக்கின்றன. (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். கோடு விழுவதற்குக் காரணம் பூமியின் சுழற்சி. 500 என்ற எண்ணை லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்து வரும் விநாடிகளே உச்சவரம்பு என்று பரவலாகச் சொல்வார்கள். உங்களுடையதைப் போன்ற சிறிய சென்சார் (ஒளியைப் பதிவு செய்யும் பகுதி) கொண்ட கேமராவில் 18 மி.மீ. என்பதை 1.5 ஆல் பெருக்கி 27 ஆகக் கொள்ள வேண்டும் என்பதால், ஏறக்குறைய 18 விநாடி கிடைக்கும். இந்தக் கணக்கு தாராளமானது என்பது என் கருத்து. இன்றைய சென்சார்களில் 10 முதல் 12 விநாடிக்கு மேல் போகாமல் இருந்தால்தான் நட்சத்திரம் புள்ளியாக நிற்கும். லென்ஸில் ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை எஃப் 3.5 என முழுமையாகத் திறந்து, ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 3200-இல் வைத்து, சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா வடிவத்தில் எடுங்கள்.

மங்கலுக்குக் காரணம் ஃபோக்கஸ். ஆட்டோ ஃபோக்கஸை அணைத்துவிட்டு, காட்சியைப் பின்திரையில் நேரடியாகக் காட்டும் லைவ் வியூவில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையின் நடுவே கொண்டுவந்து, படத்தை 10 மடங்கு பெரிதாக்கிக்கொண்டு லென்ஸின் ஃபோக்கஸ் வளையத்தை மயிரிழை அளவாகத் திருப்புங்கள். ஊதிய வட்டமாகத் தெரியும் நட்சத்திரம் சுருங்கிச் சுருங்கி, ஓரிடத்தில் மிகச் சிறிய புள்ளியாகி, அதைத் தாண்டினால் மீண்டும் ஊதத் தொடங்கும். அந்தச் சிறிய புள்ளியில் நிறுத்தி வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். முக்காலியில் இருக்கும்போது லென்ஸின் அதிர்வுக் கட்டுப்பாட்டையும் அணைத்து வைப்பது நல்லது.

கேள்வி: கோயில் கோபுரத்தின் பின்னால் பிரம்மாண்டமான நிலா எழும் படங்கள் உண்மையானவையா? நான் எடுத்தால் நிலா பொட்டு போலத்தான் விழுகிறது. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: உண்மையாகவே எடுக்க முடியும், அதற்குக் கோபுரத்தைவிட்டு வெகுதூரம் விலகிச் செல்ல வேண்டும். நிலா வானத்தில் அரைப் பாகை அகலமே கொண்டது. ஒரு பொருளின் உயரத்தைப் போல ஏறக்குறைய 110 மடங்கு தொலைவில் நின்றால், அந்தப் பொருளும் நிலாவும் ஒரே அளவாகத் தெரியும். 20 மீட்டர் கோபுரத்துக்கு 2.2 கிலோமீட்டர் தொலைவு வேண்டும். சுமார் 66 மீட்டர் உயரமுள்ள பெரிய கோயில் விமானத்துக்கு 7 கிலோமீட்டருக்கும் மேல் தேவைப்படும்; அந்தத் தொலைவில் புழுதியும் ஈரப்பதமும் காட்சியை மறைக்கும் என்பதால், வயல்வெளி நடுவே நிற்கும் சிறிய ஊர்க் கோபுரத்தையே நான் பரிந்துரைப்பேன். 300 அல்லது 400 மி.மீ. லென்ஸ் தேவை.

நாள் தேர்வும் முக்கியம். நிலா எழுவதும் சூரியன் மறைவதும் சில நிமிட இடைவெளியில் அமையும் நாளே பொருத்தமானது. பெரும்பாலும் அது பௌர்ணமியாகவோ அதற்கு முந்தைய நாளாகவோ இருக்கும். அப்போது கோபுரத்தின் சுதைச் சிற்பங்களில் மாலை வெளிச்சம் மிச்சமிருக்கும். மறுநாள் நிலா சுமார் 50 நிமிடம் தாமதமாக எழும். அதற்குள் இருட்டிவிடுவதால் கோபுரம் கருநிழலாகிவிடும். மார்கழிப் பௌர்ணமி நிலா வடகிழக்கிலும் ஆனி மாதத்து நிலா தென்கிழக்கிலும் எழுவதால், நிற்க வேண்டிய வரப்பும் மாதந்தோறும் மாறும். நிலா தன் அகலத்தை இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும் என்பதை மனத்தில் வைத்து, முன்கூட்டியே சென்று தயாராக இருங்கள்.

கேள்வி: நட்சத்திரங்கள் வட்டம் வட்டமாகச் சுழலும் படம் எனக்கு ஏன் அமைவதில்லை? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: அந்த வட்டங்களின் மையம் துருவ நட்சத்திரத்துக்கு அருகில் இருக்கிறது. உங்கள் ஊரில் அது வடக்கே 9 பாகைக்கும் குறைவான உயரத்தில், மரங்களுக்குள் மறைந்துவிடும். வடக்கே திறந்த நீர்நிலை இருக்கும் இடத்தில் அரை வட்டங்கள் அழகாக விழும். கிழக்கு நோக்கி எடுத்தால், திருவாதிரை இருக்கும் ஓரியன் மண்டலத்தின் மூன்று நட்சத்திரங்கள் ஏறக்குறைய நேர்கோடாக மேலேறுவதைப் பதிவு செய்யலாம். வடநாட்டுப் படங்களில் இந்தச் செங்குத்துக் கோடுகள் கிடைப்பதில்லை.

கேள்வி: பல படங்களைக் கணினியில் இணைப்பது ஏமாற்று வேலை அல்லவா? (வாசகி, சென்னை)

பதில்: ஒரே இடத்தில், முக்காலியை அசைக்காமல் எடுத்த 16 படங்களின் நட்சத்திரங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்திச் சராசரி எடுத்தால், படத்தின் இரைச்சல் (இருளில் பொடிப் பொடியாகத் தெரியும் புள்ளிகள்) நான்கில் ஒரு பங்காகக் குறையும்; இது வானியலாளர்களும் கையாளும் முறை. அந்திவேளையில் நிலக்காட்சியையும் நள்ளிரவில் வானத்தையும் எடுத்து இணைப்பதையும், படத்தின் கீழே அதைக் குறிப்பிட்டால், நான் ஏற்கிறேன். அங்கே ஒருபோதும் தோன்றாத வானத்தைக் கொண்டுவந்து ஒட்டுவதை ஏற்க முடியாது. மார்கழியைத் தனுர் மாதம் என்பதே சூரியன் அப்போது தனுசில் இருப்பதால்தான். அந்த மாதத்து நள்ளிரவில் எடுத்ததாகப் பால்வெளியின் மையத்தைக் காட்டும் படமோ, அதைக் கோபுரத்தின் வடக்கே நிறுத்தும் படமோ நிச்சயமாகப் பொய். வானத்தின் தோற்றத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியில் இடத்தையும் நேரத்தையும் கொடுத்து, எந்தப் படத்தையும் நீங்களே சரிபார்க்கலாம்.