இரவு பதினொரு மணிப் பசி

கேள்வி: வயது 34. டயட் தொடங்கி ஏழு வாரம் ஆகிறது. முதல் மூன்று வாரத்தில் நான்கு கிலோ குறைந்தது. அப்புறம் முள் நகரவே இல்லை. காலையில் காபி மட்டும். மதியம் ஒரு கிண்ணம் வெள்ளரிக்காய், தக்காளி. இரவு ஒரு ஆப்பிள். பகலெல்லாம் தண்ணீரைக் குடித்துச் சமாளித்துவிடுகிறேன். பதினொரு மணிக்கு எல்லோரும் தூங்கியதும் சமையலறைக்குப் போய், பிஸ்கட், பிரெட், ஜாம் என்று கைக்குக் கிடைத்ததை நின்றபடியே தின்கிறேன். பிறகு அழுகை வருகிறது. எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லை. பசியை அடக்க மாத்திரை இருக்கிறதாமே?
- பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: கடிதத்தைப் படித்ததும் முதலில் கூட்டிப் பார்த்தேன். காபி, காய், ஆப்பிள் எல்லாம் சேர்ந்து 300 கலோரி வந்தாலே அதிகம். நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும், இதயம் துடிக்கவும் மூச்சு விடவும் உடம்புச் சூட்டைக் காக்கவும் உங்கள் வயதில் பெரும்பாலான பெண்களுக்கு 1,200 கலோரிக்கு மேல் செலவாகும். நீங்களோ 300-ஐ வைத்துக்கொண்டு வேலையும் பார்த்து, இரவு பதினொரு மணி வரை தாக்குப்பிடிக்கிறீர்கள். உங்களுக்கா கட்டுப்பாடு இல்லை? நானாக இருந்தால் மதியம் மூன்று மணிக்கே பிஸ்கட் டப்பாவைக் காலி செய்திருப்பேன்.

1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். 36 இளைஞர்களுக்கு ஆறு மாத அரைப்பட்டினி. போரில் ஆயுதம் எடுக்க மறுத்து, இதற்குத் தாங்களாகவே முன்வந்தவர்கள் அவர்கள், உறுதிக்குக் குறைவில்லாதவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது ஒரு நாளைக்குச் சுமார் 1,570 கலோரி, உங்களுடையதைப் போல ஐந்து மடங்கு. சில வாரங்களிலேயே பேச்சு, நினைப்பு எல்லாம் சாப்பாடுதான். சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள், தட்டை நக்கினார்கள். பட்டினி முடிந்து தாராளமாகச் சாப்பாடு கிடைத்த பிறகும் பலருக்குப் போதும் என்ற உணர்வு வர மாதக்கணக்கானது. நீங்கள் சமையலறையில் நிற்பதும் அதே கதைதான்.

இரைப்பையிலிருந்து பசியைத் தூண்டும் கிரெலின் என்றொரு ஹார்மோன் சுரக்கிறது. 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது. வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கும்போது ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோனோ 'கையிருப்பு இருக்கிறது' என்று மூளைக்குச் சொல்வது. எடை குறையக் குறைய அதன் குரல் அடங்கிவிடும். டயட் நன்றாக நடந்தாலும் கொஞ்சம் பசி இருக்கத்தான் செய்யும் என்பதற்கு இது ஒரு காரணம். அந்தக் கொஞ்சத்தைப் பொறுக்கலாம். உங்களுக்கு இருப்பது கொஞ்சம் இல்லை.

ஆகவே பதினொரு மணிக்கு என்ன செய்வது என்று யோசிக்க வேண்டாம், காலை எட்டு மணிக்கு என்ன சாப்பிடுவது என்று யோசியுங்கள். இரண்டு முட்டை, அல்லது ஒரு கிண்ணம் தயிரும் பழமும். மதியக் காய்களோடு வேகவைத்த பருப்போ பயறோ மீனோ சேரட்டும். புரதமும் நார்ச்சத்தும் வயிற்றில் நின்று பேசும்; வெறும் வெள்ளரிக்காய் நிற்காது, தண்ணீர் அதைவிட வேகமாக இறங்கிவிடும். இரவில் ஒரு முழுச் சாப்பாடு, ஆப்பிள் அதற்குப் பிறகு.

உருளைக்கிழங்கை முதல் நாளே விலக்கியிருப்பீர்கள், எல்லோரும் செய்வதுதான். 1995-இல் வெளியான ஒரு சிட்னி ஆய்வில் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரத்தில் எது அதிகமாகப் பசி தாங்குகிறது என்று பார்த்தார்கள். முதலிடம் வெறுமனே வேகவைத்த உருளைக்கிழங்குக்கு; வெள்ளை பிரெட்டைப் போல மூன்று மடங்கு. வறுவலுக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் பெயரைச் சொல்லி வறுத்துவிடுவீர்கள்.

இப்படிச் சாப்பிட்டால் எடை ஏறிவிடாதா என்று கேட்பீர்கள். முதலில் போன நான்கு கிலோவில் கணிசமான பங்கு தண்ணீர். உடம்பில் சேமித்த சர்க்கரை கரையும்போது, அதைப்போல மூன்று மடங்கு நீரும் சேர்ந்து வெளியேறும். மறுபடி சாப்பிடும்போது ஒரு கிலோ திரும்பி வந்தால் பயப்படாதீர்கள். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே நல்ல வேகம். இரண்டு வாரத்துக்கு எடைக் கருவியை அலமாரிக்கு மேல் வையுங்கள். அப்புறம், தூக்கம். அது குறைந்தாலும் மறுநாள் பசி கூடும். நள்ளிரவுவரை விழித்திருப்பது இரட்டை நஷ்டம்.

சரி, அப்படியும் பதினொரு மணிக்குப் பசித்தால்? பால், பழம், இரண்டு துண்டு பிரெட் எதுவானாலும் தட்டில் வைத்து, உட்கார்ந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். பகலில் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகும், நிறுத்த முடியாமல் தின்பதும் அழுகையும் வாராவாரம் தொடர்ந்தால் அது வேறு விஷயம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது, மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால் இந்த டயட்டை இன்றே நிறுத்திவிட்டு அவரைப் பாருங்கள். நடுக்கத்தோடும் வியர்வையோடும் வரும் பசி, ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியதாலும் இருக்கலாம்.

மாத்திரை கேட்டீர்கள். பசியைக் குறைக்கும் மருந்துகள் உண்டு; யாருக்கு, எவ்வளவு என்று மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை. சீட்டில்லாமல் கிடைப்பதைத் தொடாதீர்கள். 300 கலோரியில் ஓடும் உடம்புக்குப் பசியை அணைக்கும் மருந்தை, பொறுப்பான எந்த மருத்துவரும் எழுதித் தரமாட்டார்.

ஒரு மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள். எத்தனை கிலோ என்று வேண்டாம், இரவு எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்று எழுதுங்கள்.