மாதிரி விமானத்தில் விளக்கு எரிய வேண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1/144 அளவிலான ஏர்பஸ் ஏ320 பிளாஸ்டிக் கிட்டைக் கட்டி வருகிறேன். இறக்கை நுனியில் 3 மி.மீ. எல்.இ.டி. ஒன்றைப் பொருத்தி, 9 வோல்ட் பேட்டரியில் நேரடியாக இணைத்தேன். ஒரு கணம் பளிச்சென்று எரிந்து அணைந்துவிட்டது. எங்கே தவறினேன்?
– மதுரை வாசகர்

பதில்: ரெசிஸ்டர் இல்லாமல் இணைத்ததுதான் தவறு. எல்.இ.டி. பழைய இழை பல்பைப் போன்றதன்று. தனக்குரிய மின்னழுத்தத்தைச் சற்றே தாண்டினாலும் அதன் வழியே பாயும் மின்னோட்டம் மடமடவென்று ஏறிவிடும், அதைத் தடுத்து நிறுத்த அதற்குள் எதுவும் இல்லை. சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 2 வோல்ட், வெள்ளைக்கும் இன்று கிடைக்கும் பளிச்சிடும் பச்சைக்கும் ஏறத்தாழ 3 வோல்ட் போதும். பேட்டரி தருவதில் எஞ்சும் வோல்ட்டை, நீங்கள் விரும்பும் மின்னோட்டத்தால் வகுத்தால் ரெசிஸ்டரின் ஓம் மதிப்பு கிடைத்துவிடும்.

பாடநூல் கணக்கு 20 மில்லி ஆம்பியர் என்று சொல்லும். மாதிரிக்கு அது மிக அதிகம், 3 மில்லி ஆம்பியரே தாராளம். 9 வோல்ட்டிலிருந்து சிவப்பின் 2 வோல்ட்டைக் கழித்து 0.003-ஆல் வகுத்தால் 2,333 ஓம் வரும். வெள்ளைக்கு அதே கணக்கு 2,000 ஓம் தரும். இரண்டுக்கும் கடையில் எளிதாகக் கிடைக்கும் 2.2 கிலோ ஓம் பொருந்தும். பச்சை நம் கண்ணுக்கு இயல்பாகவே தூக்கலாகத் தெரியும் என்பதால் அதற்கு 4.7 அல்லது 10 கிலோ ஓம் போட்டுப் பாருங்கள். விளக்கு ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் வேண்டும். சிவப்பையும் வெள்ளையையும் ஒரே ரெசிஸ்டரில் பக்க இணைப்பாகக் கோத்தால், குறைந்த வோல்ட் கேட்கும் சிவப்பு மட்டும் எரியும், வெள்ளை சும்மா இருக்கும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். 3 மி.மீ. விளக்கை 144-ஆல் பெருக்கினால் 432 மி.மீ.; அதாவது, உண்மை விமானத்தின் இறக்கை நுனியில் ஒரு பெரிய தாம்பாளத்தை ஒட்டியதுபோல் இருக்கும். முழு விமானமே 26 செ.மீ. நீளம்தான் வரும் இந்த அளவுக்கு, 0402 எனப்படும் 1 மி.மீ. நீளமும் அரை மி.மீ. அகலமும் உள்ள சில்லு எல்.இ.டி.யே ஏற்றது, கை பழகாதவர்கள் 1.6 மி.மீ. நீளமுள்ள 0603-இல் தொடங்கலாம். ஒயருக்கு, மின்விசிறி மோட்டார் சுற்றுபவர்களிடம் கிடைக்கும் 40 கேஜ் எனாமல் செப்புக் கம்பி போதும். அதன் தடிமன் 0.12 மி.மீ.தான். நுனியில் எனாமலைச் சுரண்டிவிட்டு, தரை ஓட்டின் மேல் இருபக்கப் பசை நாடாவில் எல்.இ.டி.யை ஒட்டிவைத்துச் சால்டர் செய்யுங்கள். இந்த வேலையை மாதிரியின் மேல் வைத்துச் செய்யவே கூடாது. சால்டரிங் அயர்னின் நுனி 300 டிகிரி செல்சியஸைத் தாண்டும், கிட்டின் பாலிஸ்டைரீனோ 100 டிகிரியை ஒட்டியே இளகிவிடும்.

இறக்கை நுனி விளக்குகளில் சிவப்பு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம் என்பது விமானியின் இருக்கையிலிருந்து பார்த்துச் சொல்வது. மூக்குக்கு எதிரே உட்கார்ந்து ஒட்டுபவர்கள் இதைத்தான் மாற்றிவிடுகிறார்கள்.

கேள்வி: விளக்கைப் போட்டதும் ஜன்னல்கள் மட்டுமன்றி விமானத்தின் உடலே கூண்டு விளக்குபோல் ஒளிர்கிறது. வெளியே இன்னொரு பூச்சு வெள்ளை அடித்தால் மறையுமா?
– கோவை வாசகர்

பதில்: மறையாது. வெள்ளைப் பிளாஸ்டிக் வழியே ஒளி ஊடுருவும். வெள்ளை பெயின்டும் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. உள்பக்கத்தில் முதலில் கறுப்பு இரண்டு பூச்சு, அது காய்ந்தபின் அதன்மேல் வெள்ளையோ வெள்ளி நிறமோ ஒரு பூச்சு அடிக்க வேண்டும். கறுப்பு ஒளியை அடைக்கும். மேல்பூச்சு அதைச் சிதறடித்து எல்லா ஜன்னல்களுக்கும் பரப்பும். இரு பாதிகளும் சேரும் விளிம்பில் பெயின்ட் இருந்தால் பசை பிடிக்காது என்பதால் அங்கே மட்டும் சுரண்டிவிட்டு, ஒட்டியபின் அந்த இடுக்கைப் புட்டி எனப்படும் நிரப்புப் பசையால் அடைத்துவிடுங்கள். ஒட்டுவதற்கு முன் இரு பாதிகளையும் நாடாவால் கட்டி, இருட்டறையில் ஒரு மணி நேரம் எரியவிட்டுப் பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் மூடிவிட்டு, உள்ளே ஒரு கம்பி அறுந்ததால், முடிந்துபோன விமானம் ஒன்றை வயிற்றுப்பக்கமாக அறுத்துத் திறந்தவன் நான்.

கண்ணாடிப் பாகங்களின் அருகே சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி அவற்றின்மேல் வெண்புகையாகப் படிந்துவிடும்.

கேள்வி: 1/400 அளவு டைட்டானிக் கப்பலுக்கு வெள்ளை எல்.இ.டி. போடலாமா?
– யாழ்ப்பாண வாசகர்

பதில்: நீலம் பாய்ந்த வெள்ளை வேண்டாம். 1912-இல் அக்கப்பலில் எரிந்தவை மஞ்சள் சாயல் கொண்ட இழை பல்புகள். ஆகவே 2,700 முதல் 3,000 கெல்வின் வரையிலான வார்ம் ஒயிட் வாங்குங்கள். வட்டச் சாளரங்களைத் துளையிட்டபின், காய்ந்தால் தெளியும் வெள்ளைப் பசையை ஒவ்வொன்றிலும் ஒரு துளி வைத்தால் அதுவே கண்ணாடியாகிவிடும். எல்லாச் சாளரங்களும் ஒன்றுபோல் எரிந்தால் கப்பலில் ஆள் வாழ்வதுபோல் தோன்றாது; இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிலவற்றை அடைத்துவிடுங்கள்.

கேள்வி: இறக்கை நுனியின் வெள்ளை விளக்கு மின்னலடிப்பதுபோல் எரிய, தானே சிமிட்டும் எல்.இ.டி. போதுமா?
– திருச்சி வாசகர்

பதில்: போதாது. அது சம நேரம் எரிந்து சம நேரம் அணையும். பார்க்கத் திருவிழாச் சீரியல் செட் போலத்தான் இருக்கும். ஸ்ட்ரோப் எனப்படும் இந்த மின்னல் விளக்குக்கு மின்னும் நேரம் மிகக் குறுகியதாகவும் இடைவெளி நீண்டதாகவும் இருக்க வேண்டும். அதற்கு என்இ555 டைமர் ஐ.சி. (நேரம் கணக்கிடும் எட்டுக் கால் சில்லு) ஒன்று போதும். எட்டாம் காலுக்கும் ஏழாம் காலுக்கும் இடையில் 10 கிலோ ஓம், ஏழுக்கும் ஆறுக்கும் இடையில் 150 கிலோ ஓம், அந்த 150-க்குக் குறுக்கே ஏழிலிருந்து ஆறை நோக்கி ஒரு 1என்4148 டயோடு, ஆறையும் இரண்டையும் சேர்த்துக் கிரவுண்டுக்கு (மின் மூலத்தின் எதிர்முனைக்கு) 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் என்று இணைத்தால், நொடிக்குச் சற்றே கூடுதலான இடைவெளியில் ஒருமுறை, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நொடி மட்டும் மின்னும். மூன்றாம் காலிலிருந்து ரெசிஸ்டர் வழியாக எல்.இ.டி.க்குப் போகலாம். இந்த ஐ.சி.க்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும் என்பதால் 3 வோல்ட் பொத்தான் பேட்டரியில் ஓடாது. செல்பேசிச் சார்ஜரின் 5 வோல்ட்டைக் காட்சிப் பீடத்தின் வழியாகக் கொடுங்கள்.

ஸ்ட்ரோபுக்கும், உடலின் மேலும் கீழும் உள்ள சிவப்பு பீக்கனுக்கும் தனித்தனிச் சுவிட்சு வையுங்கள். பீக்கன் எரிந்தால் என்ஜின் ஓடுகிறது அல்லது ஓடப்போகிறது என்று பொருள். ஸ்ட்ரோபைப் பெரும்பாலும் ஓடுபாதைக்குள் நுழையும்போதுதான் போடுவார்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஏணி சாத்தி நிறுத்திய விமானத்தில் இரண்டும் மின்னிக்கொண்டிருந்தால், விவரம் தெரிந்தவர் கண் முதலில் அங்கேதான் போகும்.