சுயவிருப்பம் மனுஷனுக்கு மட்டும்தானா? கேள்வி பதில்

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, எங்க பம்புசெட்டுல ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கு. மும்முனை கரண்டு வந்தா தானா ஓடுது. சாட்ஜிபிடியும் அப்படித்தானா?

பதில்: ரெண்டுக்கும் தூரம் அதிகம். "நாளன்னைக்கு பிசானம் அறுப்பு, ஓடாதே"ன்னு ஸ்டார்ட்டர்கிட்ட சொல்லி நிறுத்த முடியாது. சாட்ஜிபிடிக்குள்ள இருக்கிற மொழி மாதிரிகிட்ட (லாங்குவேஜ் மாடல்) காரணம் சொன்னா பதில் மாறும். சோதிச்சுப் பாருங்க, ஒவ்வொரு தடவையும் புது உரையாடலா திறந்துக்கணும். இல்லேன்னா பழைய பேச்சு கலந்துரும். முதல்ல "நாளைக்கு நெல்லுக்குத் தண்ணி பாய்ச்சலாமா?"ன்னு மட்டும் கேளுங்க. அடுத்து அறுப்பு நாளைச் சேர்த்துக் கேளுங்க, பதில் மாறணும். மூணாவது, "மோட்டார் நீலக்கலர்"னு சேருங்க, மாறக் கூடாது. கடைசியா, காரணமே சொல்லாம "நிச்சயமாவா?"ன்னு மட்டும் அழுத்துங்க. பல தடவை இங்கதான் சறுக்கும், சரியான பதிலையே வாபஸ் வாங்கிரும். காரணத்துக்கு வளையுறது வேற, அழுத்தத்துக்கு வளையுறது வேற.

பாளையங்கோட்டை: ஒரே கேள்விக்கு வேற வேற பதில் வருதே, அது தேர்வு இல்லையா?

பதில்: இல்லம்மா, பகடை. மொழி மாதிரி அடுத்த வார்த்தை எதுன்னு கணிச்சு ஒவ்வொண்ணா எடுக்குது. "தாமிரபரணி"க்கு அடுத்து "ஆறு" 60%, "தண்ணீர்" 30%, "கரை" 10%னு அது கணிச்சிருக்குன்னு வைங்க. டெம்பரேச்சர்ங்கிறது பகடை எவ்வளவு தாராளமா உருளணும்னு வைக்கிற அளவு. அது 1ன்னா அதே விகிதத்துல உருட்டும். 0.5ன்னா 78, 20, 2 ஆகும். 0ன்னா எப்பவும் "ஆறு"தான் வரணும். அப்பவும் சில நேரம் பதில் மாறும்; பலரோட கேள்வியைச் சேர்த்துக் கணக்குப் போடும்போது கூட்டுற வரிசை மாறி கடைசி தசமம் நகர்ந்துரும். கணிக்க முடியாததெல்லாம் விருப்பம் ஆகாது.

தென்காசி: நாம நினைக்கிறதுக்கு முன்னாலயே மூளை முடிவெடுக்குதுன்னு சொல்லுதாங்களே?

பதில்: அது 1983ல மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் வெளியிட்ட சோதனை. மணிக்கட்டை அசைக்க சுமார் 0.55 விநாடி முன்னாலயே மூளையோட மின் அலை ஏற ஆரம்பிச்சது. அசைக்கணும்னு தோணினதா ஆட்கள் சொன்னது 0.2 விநாடி முன்னால. பலரும் இதோட நிறுத்திக்கிடுதாங்க. 2012ல ஷர்கர்ங்கிற ஆய்வாளரோட குழு வேற விளக்கம் கொடுத்துச்சு: மூளையில இயல்பா ஏறி இறங்குற சலனம் ஒரு எல்லையைத் தாண்டும்போது கை அசையுது, அசைவிலிருந்து பின்னோக்கிச் சராசரி எடுத்தா, முன்முடிவு இல்லேன்னாலும் ஏறுமுகமாத்தான் தெரியும். அதோட, காரணமில்லாம மணிக்கட்டை அசைக்கிறதை வச்சு, நிலத்தை விக்கலாமான்னு ஆறு மாசம் யோசிக்கிறதை அளக்கக் கூடாது.

சங்கரன்கோவில்: எல்லாத்துக்கும் முன்காரணம் இருந்து, எல்லாம் ஊழ்னு ஆயிட்டா விருப்பத்துக்கு இடம் ஏது?

பதில்: பசிச்சுச் சாப்பிடுறதுக்கும் காரணம் இருக்கு, வாயில திணிக்கிறதுக்கும் காரணம் இருக்கு. ரெண்டும் ஒண்ணில்ல. காரணம் இருக்குங்கிறதாலயே கட்டாயம்னு ஆயிராது.

நாங்குநேரி: அப்போ மனுஷனுக்கும் சாட்ஜிபிடிக்கும் வித்தியாசம்தான் எங்க?

பதில்: சுயவிருப்பம்னு கோடு போட்டா அது நிக்காது. நான் பார்க்கிறது நட்டத்தை. பயிற்சி முடிஞ்சதும் மொழி மாதிரியோட எடைகள், அதாவது அது கத்துக்கிட்டதைத் தாங்கியிருக்கிற எண்கள், உறைஞ்சுரும். நீங்க திருத்தினது அந்த உரையாடலோட சரி. நினைவு வசதி இருந்தா ஒரு குறிப்பாச் சேரும், அவ்வளவுதான். தப்பான யோசனையால பயிர் அழுகினா அதுக்கு ஒண்ணும் போகாது. விவசாயிக்கு ஒரு பூவே, அதாவது ஒரு போகமே, போயிரும். அடுத்த பூவுக்கு அவரே மாறியிருப்பார்.

வள்ளியூர்: கடன் மனுவை "சிஸ்டம் ஏத்துக்கலை"ன்னு திருப்பிட்டாங்க.

பதில்: சிஸ்டம் பொறுப்பாளி இல்ல, அந்த விதியை வச்சவங்கதான். எழுத்துல கேளுங்க: எந்த விதி, என்னைப் பத்தின எந்தத் தகவல், மறுபரிசீலனைக்கு யாரைப் பார்க்கணும். மனு நகலும் தேதியும் கையில இருக்கட்டும்.