மைக் இல்லாமல் பாடும் வேலை

கேள்வி: ஏற்காட்டில் சர்ச் பாடகர் குழுவில் பாடும் என் 16 வயது மகள், ஆபெரா பாடகியாகத்தான் ஆவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இது சோறு போடுமா சார்?
- ஒரு அம்மா, ஏற்காடு

பதில்: போடும், ஆனால் இங்கே இல்லை, சீக்கிரமும் இல்லை. ஆபெரா என்பது கதையைப் பாட்டாகவே பாடி நடிக்கும் மேற்கத்திய இசை நாடகம், அதில் பொதுவாக மைக் கிடையாது. மேடைக்கு முன்னால் பள்ளத்தில் உட்கார்ந்து ஐம்பது அறுபது பேர் வயலினும் டிரம்பெட்டுமாக வாசிக்க, அதையும் தாண்டிக் கடைசி வரிசைவரை குரல் போகவேண்டும், அதுவும் இத்தாலியனிலும் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும். கனமான பாத்திரங்களுக்கு முப்பதைத் தாண்டித்தான் பெரும்பாலும் குரல் தயாராகும், அதனால் இப்போதே அடித்தொண்டையில் கத்த விடாதீர்கள். முதலில் பியானோவும், இசையைக் குறியீடாக எழுதிப் படிக்கும் நொட்டேஷனும் படிக்கட்டும், சேலத்தில் வாத்தியார் கிடைப்பார். அப்புறம் சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி இருக்கிறது, மேற்கத்தியக் குரலிசை சொல்லித்தருகிறார்கள்.

பிழைப்பு என்று பார்த்தால் ஜெர்மனிதான். அங்கே சின்ன ஊர்களில்கூட அரசுப் பணத்தில் ஆபெரா அரங்கு நடக்கிறது, அந்த அரங்கின் சொந்தப் பாடகியாகச் சேர்ந்தால் மாதச் சம்பளம். ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவர்களுக்குக் காட்சிக்கு இவ்வளவு என்று பேச்சு, சளி பிடித்து மேடை ஏறாவிட்டால் பெரும்பாலும் அந்தக் காசும் போச்சு. தனிப்பாடகி ஆகாவிட்டால் கோரஸ், அதாவது கூட்டமாகச் சேர்ந்து பாடும் குழு, இருக்கிறது, பெயர் வராது, சம்பளம் ஒழுங்காக வரும்.